வாடகை வீட்டுச் சட்டம்: அக்ரிமெண்டில் எழுதியதுதான் இனி கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டை வாடகைக்கு விடுவதும் எடுப்பதும் 2019 பிப்ரவரி 22 முதல் வேறொரு சட்டத்தின் கீழ் நடக்கிறது. அதுவரை இருந்தது 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். அதை நீக்கிவிட்டு வந்தது 2017ஆம் ஆண்டின் சட்டம். சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று நீளமான பெயர் அதற்கு. பெயரில் ‘கட்டுப்பாடு’ போய் ‘ஒழுங்கு’ வந்திருப்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆனால் டு-லெட் போர்டு பார்த்துப் போய் ஹாலில் உட்கார்ந்து அட்வான்ஸ் பேசும்போது, ஓனரும் சரி, குடிவருபவரும் சரி, புரோக்கரும் சரி, இன்னமும் பழைய சட்டத்தின் நினைப்பில்தான் பேசுகிறார்கள்.

பழைய சட்டத்தின் பார்வையில் குடித்தனக்காரர் எளியவர், அவரைக் காக்க வேண்டும். அக்ரிமெண்டில் என்ன எழுதியிருந்தாலும், எழுதாமலே இருந்தாலும், சட்டம் குறுக்கே வந்து நிற்கும். வாடகை அதிகம் என்றோ குறைவு என்றோ தோன்றினால் ‘நியாய வாடகை’ நிர்ணயிக்கச் சொல்லி வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றுகூட அதில் இருந்தது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். காலி செய்ய வைப்பது மிகக் கடினம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், நடுவில் ஓனர் காலமாகி வாரிசுகள் தொடர்வார்கள், வாடகை சில நூறு ரூபாயிலேயே நிற்கும். அந்தப் பயத்தில் வீட்டைப் பூட்டியே வைத்திருந்தவர்களும் உண்டு.

புதிய சட்டத்தில் நியாய வாடகை என்ற ஏற்பாடே கிடையாது. வாடகை என்பது நீங்கள் இருவரும் ஒப்புக்கொண்டு எழுதியது. எவ்வளவு காலம் என்பதும் எழுதியது. எப்போது, எவ்வளவு ஏற்றலாம் என்பதும் எழுதியது. சில இடங்களில் சட்டம் ஒரு வரம்பைச் சொல்லிவிட்டு, ‘வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்று தானே ஒதுங்கிக்கொள்கிறது. ஆகவே இந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்வது என்றால், பெரும்பகுதி, ஒரு அக்ரிமெண்டை ஒழுங்காகப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொள்வதுதான்.

வாய்ப்பேச்சு வாடகை இனி இல்லை

சட்டத்தின் 4ஆம் பிரிவு நேரடியாகச் சொல்கிறது: எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வீட்டை வாடகைக்கு விடவோ எடுக்கவோ கூடாது. சட்டம் வருவதற்கு முன்பே வாய்ப்பேச்சில் குடியிருந்தவர்களுக்கு, ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அவகாசம் தரப்பட்டது. முதலில் 90 நாள், பிறகு திருத்தங்களின் மூலம் 575 நாள் வரை நீண்டது. அதுவும் 2020 செப்டம்பரில் முடிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். ‘முப்பது வருஷமாக இருக்கிறோம், பேப்பர் ஒன்றும் இல்லை, ஆனால் மாதாமாதம் வாடகை தவறியதில்லை, நம்மை யார் என்ன செய்ய முடியும்’ என்ற தைரியம் பழைய சட்டத்தில் நியாயமானது. இப்போது 21(2)(அ) பிரிவின்படி, இருதரப்பும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தவறியதே வீட்டைத் திரும்பப் பெற ஒரு காரணம். வாடகை பாக்கி இருக்க வேண்டியதில்லை, தப்பு யாருடையது என்ற கேள்வியும் பெரிதாக எழாது. அந்த நிலையில் இருப்பவர் உடனே செய்ய வேண்டியது, ஒப்பந்தம் போடத் தயார் என்று ஓனருக்குத் தபாலில் எழுதி, நகலையும் அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் பத்திரப்படுத்துவது. அது வழக்கை நிச்சயம் வெல்ல வைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வெறுங்கையோடு நிற்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

ஒப்பந்தம் இரண்டு பிரதிகளில் இருக்க வேண்டும், இரண்டிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். அசலில் ஒன்று குடியிருப்பவருக்கு 15 நாளுக்குள் வந்து சேர வேண்டும். ‘ஒரிஜினல் என்கிட்டயே இருக்கட்டும், உங்களுக்கு ஜெராக்ஸ் தருகிறேன்’ என்பதை ஏற்க வேண்டியதில்லை.

11 மாதக் கணக்கும் இரண்டு பதிவுகளும்

ஏன் எல்லா அக்ரிமெண்டும் 11 மாதம்? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும். அந்த அலைச்சலையும் செலவையும் தவிர்க்க 11 மாதம் என்று எழுதும் வழக்கம் வந்தது. அதில் தப்பில்லை. 11 மாதத்துக்கு மேல் விட்டால் குடியிருப்பவருக்கு வீட்டில் உரிமை வந்துவிடும், 12 ஆண்டு இருந்தால் வீடே அவருடையதாகிவிடும் என்ற பேச்சுக்கு மட்டும் அடிப்படை கிடையாது. வாடகைதாரராக உள்ளே வந்தவர், வாடகைதாரராக இருக்கும்வரை, ஓனரின் உரிமையையே மறுத்து அனுபவப் பாத்தியம் கேட்க முடியாது.

பெரிய குழப்பம் அடுத்ததில் இருக்கிறது. புதிய சட்டம் கேட்கும் பதிவு சார்பதிவாளரிடம் செய்யும் பதிவு இல்லை. அது வாடகை அதிகாரியிடம் செய்ய வேண்டிய தனிப் பதிவு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் இந்த அதிகாரியாக நியமிக்கிறார். 11 மாத அக்ரிமெண்ட் என்றாலும், 6 மாத அக்ரிமெண்ட் என்றாலும் இந்தப் பதிவிலிருந்து விலக்கு இல்லை. நோட்டரி முத்திரை குத்தியதும் பதிவாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நோட்டரி, யார் கையெழுத்திட்டார் என்பதற்குச் சாட்சி; அதற்கு மேல் எதுவும் இல்லை.

பதியாவிட்டால் என்ன ஆகும் என்பதை 4அ பிரிவு சொல்கிறது. பதியப்படாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க முடியாது. இதன் வலி இருதரப்புக்கும் உண்டு. ஆண்டுக்கு ஐந்து சதவீத ஏற்றம் என்று எழுதியிருந்ததை ஓனரால் காட்ட முடியாது. அட்வான்ஸ் கொடுத்ததற்கு அந்தக் காகிதத்தையே நம்பியிருந்த குடித்தனக்காரரும் திண்டாடுவார். இதனால்தான் அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கிக் கணக்கு வழியாக, குறிப்பில் ‘வீட்டு அட்வான்ஸ்’ என்று எழுதி அனுப்பிய தொகை, அக்ரிமெண்ட் காலை வாரிவிட்டாலும் தனியாக நின்று பேசும்.

பதிவை டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் செய்யலாம். ஓனரோ வாடகைதாரரோ யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். இருவரின் பெயர், முகவரி, பான், ஆதார் விவரங்கள், வீட்டின் விவரம், குடிவந்த தேதி, வாடகை, மின்சாரம், தண்ணீர் போன்ற இதரக் கட்டணங்கள், காலம் ஆகியவற்றை நிரப்பி, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இணைக்க வேண்டும். ஓனர் ஒத்துழைக்கவில்லை என்றால், இருவரும் தனித்தனியாக விவரம் தாக்கல் செய்யவும் சட்டம் இடம் தருகிறது. விவரங்கள் சரியாக இருந்தால் 30 நாளுக்குள் பதிவு எண் தர வேண்டும். அந்த எண்ணை அக்ரிமெண்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த மனு கொடுத்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஓனர்கள் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பான் எண். வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடுமே என்ற கவலை. ஆனால் குடியிருப்பவர் சம்பளக்காரராக இருந்து, வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை கேட்டு, ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், அலுவலகத்தில் ஓனரின் பான் எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். எப்படியும் வெளியே வரும் எண்ணை இங்கே மறைத்து, வழக்கு என்று வரும்போது கையில் செல்லாத காகிதத்தோடு நிற்பது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

முத்திரைத் தாள் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் குறைந்த மதிப்புத் தாளில் அடித்துக் கையெழுத்திடுவதுதான் ஊர் வழக்கம். சட்டப்படி 30 ஆண்டுக்குட்பட்ட குத்தகைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, வாடகை முதலியவற்றின் மொத்தத்தில் 1 சதவீதம். மாதம் 12,000 ரூபாய், 11 மாதம் என்றால் வாடகை மட்டும் 1,32,000 ரூபாய். அதற்கு 1,320 ரூபாய் வருகிறது. குறைந்த தாளில் எழுதியதை நீதிமன்றத்தில் சான்றாக வைத்தால், குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை அபராதமும் கட்டச் சொல்லலாம். அந்த நேரத்தில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தது பெரிய செலவாகிவிடும்.

அட்வான்ஸ்: மூன்று மாதம், ஆனால்…

11ஆம் பிரிவின்படி, மாத வாடகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம். இதுவரைதான் பலருக்குத் தெரியும். அந்த வரியின் தொடக்கத்தில் ‘இதற்கு மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய’ என்ற பொருள்படும் சொற்கள் இருக்கின்றன. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய அக்ரிமெண்டில் நீங்கள் கையெழுத்திட்டுவிட்டால், பிறகு மூன்று மாத வரம்பைக் காட்டி மீதியைத் திருப்பிக் கேட்பது கடினம். பேரம் பேசும் நேரம் கையெழுத்துக்கு முன்புதான். சென்னையில் இப்போது பல அடுக்குமாடிகளில் ஐந்தாறு மாதத்தில் முடிகிறது. சட்டத்தில் மூன்று மாதம் என்று இருப்பதைச் சொல்லிப் பேசினால் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றுகிறது: புதிய வாடகைச் சட்டம் வந்துவிட்டது, இனி இரண்டு மாத அட்வான்ஸ்தான் என்று. அது 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தில் இருக்கும் விதி. குடியிருப்புக்கு இரண்டு மாதம், கடை, அலுவலகம் போன்றவற்றுக்கு ஆறு மாதம் என்று அதில் இருக்கிறது. பெயரிலேயே ‘மாதிரி’ இருப்பதைக் கவனியுங்கள். வாடகை மாநிலத்தின் அதிகாரத்தில் வருவது, ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றத்தில் நிறைவேற்றினால்தான் அது அங்கே சட்டம். தமிழ்நாட்டில் நடப்பது 2017ஆம் ஆண்டின் சட்டமே.

குழாய் யாருடையது, சுவர் யாருடையது

சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பழுதுபார்ப்பை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் கட்டமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது தண்ணீர் ஓடும் பைப்களை மாற்றுவது, உள்ளும் வெளியும் ஓடும் மின் வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. தண்ணீர் திறக்கும் டேப், அதன் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு, கழிவறை, வாஷ்பேசின், கீசர் பழுது, சுவிட்ச், பிளக் பாயிண்ட், சமையலறைச் சாதனங்கள், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, உடைந்த ஜன்னல் கண்ணாடி, குடியிருப்பவர் பயன்படுத்தும் தோட்டம் ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்குள் இருப்பது ஓனருக்கு, கையால் தொட்டுப் புழங்குவது குடித்தனக்காரருக்கு என்று நினைவு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

ஓனர் தன் பங்கைச் செய்யவில்லை என்றால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. ஒழுகும் பைப்பை மாற்ற 9,000 ரூபாய் ஆனது, வாடகை 12,000 என்றால், முதல் மாதம் 6,000, அடுத்த மாதம் 3,000. முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்காமல், ரசீது இல்லாமல் கழித்தால் அது வாடகை பாக்கியாகத்தான் எண்ணப்படும்.

இந்த அட்டவணைக்கும் ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால்’ என்ற நிபந்தனை உண்டு. காலி செய்யும்போது ‘பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை’ பிடிப்பது நம் ஊரில் ஏறக்குறைய மரபாகிவிட்டது. அக்ரிமெண்டில் அப்படி ஒரு வரி இல்லை என்றால் அதைப் பிடிக்க ஓனருக்குச் சட்டப்படி வழியில்லை, வெள்ளையடிப்பது அவர் வேலை. அந்த வரி இருந்து நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், நான்கு ஆண்டு ஆணி அடிக்காமல் இருந்தாலும் பணம் போனதுதான். டி.டி.பி. கடைகளில் கணினியில் தயாராக இருக்கும் அக்ரிமெண்ட் மாதிரியில் பெரும்பாலும் இந்த வரி பொதிந்தே இருக்கிறது. பெயர், தேதி மட்டும் மாற்றி அச்செடுத்துத் தருவார்கள். அதனால் எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றாலும் ‘பெயின்டிங்’, ‘ஏற்றம்’, ‘நோட்டீஸ்’, ‘அட்வான்ஸ்’ என்ற நான்கு சொற்கள் வரும் வரிகளையாவது நிறுத்திப் படியுங்கள்.

மின்கட்டணம் தனிச் சண்டை. தனி மீட்டர் இருந்தால் சிக்கலில்லை: இணைப்பு எண்ணையும், குடிவரும் நாளின் ரீடிங்கையும் அக்ரிமெண்டில் எழுதி, மீட்டரைத் தேதியோடு படம் எடுத்துவிட வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு என்பதால், நடுவில் குடிவந்தால் முந்தைய ஆளின் யூனிட்டும் உங்கள் தலையில் விழும். படிநிலைக் கட்டணம் வேறு, மேல் படிக்குப் போனால் யூனிட் விலையும் ஏறும். சப்-மீட்டர் வீடுகளில் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஓனர் வைப்பதுதான் விலை. அதையும் எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். ‘ஈ.பி. தனி’ என்று மட்டும் எழுதிய அக்ரிமெண்ட் ஒன்றும் சொல்லாத அக்ரிமெண்ட்.

குடியிருக்கும்போது

வாடகை வாங்கினால் ரசீது தர வேண்டும். வங்கி வழியாக அனுப்பினால் வங்கியின் ஒப்புகையே ரசீது. ஓனர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்து, பாக்கி ஏற்படுத்தி, அதையே காரணம் காட்டி வெளியேற்றப் பார்ப்பது பழைய தந்திரம். அதற்கு 14ஆம் பிரிவில் வழி இருக்கிறது. தொடர்ந்து இரண்டு மாதம் அஞ்சல் பணவிடை போன்ற வழியில் அனுப்புங்கள். அதுவும் திரும்பி வந்தால், வாடகை அதிகாரியிடம் தொகையைச் செலுத்தலாம். திரும்பி வந்த பணவிடைத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சான்று.

ஓனர் வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எதற்காக, எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லி. நேரம் காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் இருக்க வேண்டும். மாற்றுச் சாவி வைத்துக்கொண்டு வந்துபோவது, வீடு பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு திடீரென்று கதவைத் தட்டுவது எல்லாம் இதற்குள் வராது.

தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, லிஃப்ட் சாவியை மறைப்பது, வண்டி நிறுத்த விடாமல் செய்வது இவற்றை 20ஆம் பிரிவு தடை செய்கிறது. பாக்கி எவ்வளவு இருந்தாலும் இவற்றுக்கு இடமில்லை. பாதிக்கப்பட்டவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. ஓனர்கள் இதில் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வது அதிகம். இரண்டு மாத வாடகை பாக்கி என்ற நல்ல வழக்கு கையில் இருக்கும்போது, கோபத்தில் தண்ணீரை நிறுத்தினால் எதிர்த்தரப்புக்கு ஒரு மனுவை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கும்போது ஒருவர் பெயரில் மட்டும் அக்ரிமெண்ட் போடுவதில் இந்த ஆபத்து இருக்கிறது. அவர் வேலை மாறி ஊரைவிட்டுப் போனால் மீதி மூவரும் யார் என்ற கேள்வி வரும். நால்வர் பெயரையும் எழுதிவிட்டால் முடிந்தது. குடியிருப்பவர் இறந்துவிட்டால், அவரோடு வழக்கமாக வசித்த கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் போன்றோருக்கு அதே ஒப்பந்தம் மீதிக் காலத்துக்குத் தொடரும்.

காலி செய்யச் சொன்னால்

ஒப்பந்த காலத்துக்குள் ஓனர் தன் விருப்பத்துக்குக் காலி செய்யச் சொல்ல முடியாது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாதது, வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் வேறொருவருக்குக் கொடுத்தது, எச்சரித்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, காலி செய்யாமல் முடியாத பழுது அல்லது மறுகட்டுமானம் ஆகியவை அடிக்கடி வருபவை.

வாடகை பாக்கியில் ஒரு நுணுக்கம். இரண்டு மாத பாக்கி சேர்ந்து, ஓனர் கேட்பு நோட்டீஸ் அனுப்பி, அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதும் கட்டிவிட்டால் அந்த முறை தப்பிக்கலாம். அந்தச் சலுகையை ஒருமுறை பயன்படுத்திய பிறகு அதே ஆண்டில் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் கைகொடுக்காது. நோட்டீஸ் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். முகவரி சரியாக இருந்து, வாங்க மறுத்ததாகக் குறிப்போடு திரும்பினால், கிடைத்ததாகவே கொள்ளப்படும். ‘அட்வான்ஸ் உங்களிடம் இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று கடைசி மூன்று மாத வாடகையை நிறுத்துவதும் அதே வகை. ஓனர் எழுத்தில் சம்மதித்தாலொழிய அது பாக்கிதான்.

ஒப்பந்த காலம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால்? தேதி போட்டுப் பார்ப்போம். 2025 ஜூன் 1 முதல் 11 மாதம் என்றால் 2026 ஏப்ரல் 30இல் காலம் முடிகிறது. அதன்பின் அதே வாடகை, அதே நிபந்தனைகளில், மாதாமாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம் தானாக நீளும். அதாவது 2026 அக்டோபர் 31 வரை. நவம்பர் 1 முதல் அவர் கெடு தாண்டியவர், 12,000 ரூபாய்க்குப் பதில் 24,000 என்று இரட்டிப்பு வாடகை தர வேண்டிய நிலைக்கு வருகிறார். ‘ஓனர் நல்லவர், ஒன்றும் கேட்க மாட்டார்’ என்று ஆண்டுக்கணக்கில் பழைய அக்ரிமெண்டிலேயே இருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. புதுப்பிக்கும் பேச்சை ஏப்ரல் மாதத்திலேயே, காலம் முடிவதற்குள் எழுத்தில் தொடங்கிவிட வேண்டும். ஓனருக்கும் இதில் பாடம் உண்டு: ஏற்றிய வாடகை வேண்டுமானால் அதைப் புதிய ஒப்பந்தத்தில் எழுதித்தான் வாங்க வேண்டும், தானாக நீளும் அந்த ஆறு மாதத்தில் பழைய வாடகைதான்.

வாடகை நீதிமன்றத்தின் உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். வழக்கமான உரிமையியல் நீதிமன்றத்துக்கு இந்த விவகாரங்களில் அதிகாரம் இல்லை. ஆகவே ‘சிவில் கேஸ் போட்டு இழுக்கலாம்’ என்று அறிவுரை சொல்பவர் பழைய காலத்தில் இருக்கிறார்.

லீஸுக்கு, ஒத்திக்கு

மாத வாடகை இல்லாமல் ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து, காலி செய்யும்போது முழுவதும் திரும்பப் பெறுவது மதுரை, கோவை, சென்னை எங்கும் உண்டு. லீஸ், ஒத்தி, போக்கியம் என்று ஊருக்கொரு பெயர். வாடகை வீட்டைவிட இதில் ஆபத்து பல மடங்கு, ஏனென்றால் மாதம் 12,000 ரூபாய் இல்லை, வாழ்நாள் சேமிப்பே அங்கே நிற்கிறது. அடமானத் தன்மையுள்ள ஒத்தியை சார்பதிவாளரிடம் பதிந்தால்தான் சட்டப்படி நிற்கும். முத்திரைத் தாளில் எழுதி வீட்டிலேயே வைத்துக்கொண்டது, ஓனர் நல்லவராக இருக்கும்வரை மட்டுமே செல்லும். பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வங்கிக் கடன் நிலுவையில் இருக்கும் வீடென்றால், ஓனர் தவணை தவறினால் முதலில் வந்து நிற்பது வங்கி.

சாவி கொடுக்கும் நாள்

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தங்கள் போக, அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். தகராறு வருவது ‘நியாயமான’ என்பதில். குடிவந்த நாளில் ஒவ்வொரு அறையையும், குழாய், கண்ணாடி, கதவு, ஏற்கெனவே இருக்கும் விரிசல், ஈரக்கறை உட்பட, வீடியோ எடுத்து அன்றே ஓனரின் எண்ணுக்கு அனுப்பிவிட்டவரோடு யாரும் நீண்ட நேரம் வாதாட மாட்டார்கள். சாவியைக் கொடுக்கும்போது ஒரு வெள்ளைத் தாளில் தேதி, கடைசி மின் ரீடிங், எத்தனை சாவி, திரும்ப வர வேண்டிய தொகை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது, அன்றைய தேதியைப் பற்றியே பின்னர் சண்டை போட இடம் தரும். சாவி கைமாறிய தேதிதான் வாடகை நிற்கும் தேதி, அட்வான்ஸுக்கு ஒரு மாதக் கணக்குத் தொடங்கும் தேதியும் அதுவே.